சார்ஜ் இறங்காத போன்

“பக்கத்துல இடி விழுந்தாலும் இவருக்குக் கேட்கக் கூடாது. அப்படி ஒண்ணு எடும்மா.”

தையல்காரி கேட்டதும் கடைப் பெண் முக்காலியில் ஏறினாள். சுவர் முழுக்க ஹெட்போன்கள் தலைகீழாகத் தூங்கும் வௌவால்களைப் போலத் தொங்கின. பிற்பகல் வெயில் கடைக்குள் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தரையிலேயே படுத்துவிட்டிருந்தது.

தையல்காரியின் கணவர் பஸ் டிரைவர். விடிகாலை வண்டி. மதியத்தோடு வேலை முடிந்துவிடும். கடைப் பெண் கொடுத்ததைத் தலையில் மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

“காதைப் போர்வைக்குள்ள வெச்ச மாதிரி இருக்கு. வேர்க்குது.”

“வெளியில இருந்து வர்ற சத்தத்தை இதுவே அடக்கிடும் சார். என்ன, சார்ஜ்தான் கொஞ்சம் சாப்பிடும்.”

“பார்த்தியா, சார்ஜ் சாப்பிடுமாம்” என்றார் மனைவியிடம், அதற்காகவே காத்திருந்தவர் போல.

“உங்க போன்ல சார்ஜ் நிக்காதா சார்?”

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. “நல்லாக் கேட்டே போ. மதியம் காதுல மாட்டினார்னா இருட்டுற வரைக்கும் கழற்ற மாட்டார். அப்படியும் ஞாயித்துக்கிழமை சார்ஜ் போட்டா அடுத்த ஞாயிறு வரைக்கும் வருது. சார்ஜர்ல சிலந்தி குடித்தனம் நடத்துது.”

“எப்படி சார்? என் போன் மத்தியானத்துக்குள்ள படுத்துடுது.”

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “திரை வெளிச்சத்தைக் குறை. பாட்டை வீட்டிலேயே இறக்கி வெச்சுக்கிட்டு நெட்டை அணைச்சுடு. வெயில்ல வைக்காதே. வண்டி மாதிரிதாம்மா, சும்மா நிக்கறப்போ இன்ஜின் ஓடக் கூடாது.”

கடைப் பெண் அங்கேயே தன் போனை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்தாள். அதற்குள் அவர் ஓரத்தில் கிடந்த, மெல்லிய பஞ்சு வைத்த ஒயர் ஹெட்போன் ஒன்றைப் பொறுக்கியிருந்தார்.

“எனக்கு இது போதும்.”

“அதுல வெளியில இருக்கற சத்தம் உள்ள வருமே சார்.”

“வரட்டுமே. நாலு ஹாரன் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.”

தையல்காரி அதை அவர் கையிலிருந்து வாங்கி, பஞ்சை அழுத்திப் பார்த்தாள்.

ஒரு காலத்தில் அவள் பாடினால் தெருவில் போகிறவர்கள் நடையைத் தளர்த்துவார்கள். தொண்டையில் ஆபரேஷன் நடந்த பிறகு குரல் உடைந்துபோனது. உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாள், ஆசையை அடக்க முடியாமல் வாயைத் திறந்தாள். “அண்ணி, தகரத்தை யாரோ தரையில இழுக்கறாங்க” என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு வாயை மூடியவள், குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் கணவர் முதல் ஹெட்போனை வாங்கி வந்தார். பஸ் இரைச்சல் காதிலேயே நிற்கிறது, பாட்டுக் கேட்டால்தான் அடங்குகிறது என்றார். ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அவர் எங்கோ போய்விடுவார். வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத நேரம் அது. தையல் மிஷினை மிதித்தபடி அவள் பாடிக்கொள்வாள். உடைந்த குரல்தான். ஆனாலும் அவளுடையது.

போன வாரம் தூசி தட்டும்போது பார்த்தாள், ஹெட்போனில் ஒரு பக்கத்து ஒயர் அறுந்திருந்தது. “ஒரு காது போதும் எனக்கு” என்றார் அவர். அவளுக்குப் போதவில்லை. அன்றிலிருந்து மிஷின் மட்டும்தான் சத்தம் போட்டது. கடைசியில் அவரேதான், “கிளம்பு, புதுசு வாங்கிடலாம்” என்று செருப்பை மாட்டினார்.

“பாட்டு ஓடுறப்போ பக்கத்துல பேசறது கேட்குமாம்மா?” என்று கடைப் பெண்ணிடம் கேட்டாள்.

“ஓடுறப்போ கேட்காதுக்கா. நிறுத்திட்டா எல்லாம் கேட்கும்.”

அவளே மாட்டிப் பார்த்தாள். கடைப் பெண் ஏதோ பாட்டை ஓடவிட்டாள். எதிரில் கணவரின் வாய் அசைந்தது. ஒரு சொல்கூட எட்டவில்லை.

“என்ன சொன்னீங்க?” என்று கழற்றியபடி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. கேட்குதான்னு பார்த்தேன்.”

“சரி, இதையே போடும்மா” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னல் திரை மெல்ல மூச்சு வாங்கியது. வெயில் தேன் நிறத்துக்கு மாறி, வெட்டிப் போட்ட துணிகளின் மேல் வழிந்தது. அவள் மிஷினை மிதித்தாள். முதலில் முனகலாகத்தான் வந்தது. பிறகு வரி வந்தது. ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்தது எல்லாம் வந்தது. அவர் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அவருக்கு அவர் பாட்டு.

உச்சிக்குப் போகிற இடத்தில் ஊசி உடைந்து மிஷினுக்கு அடியில் விழுந்தது. பாட்டும் நின்றது. அடியில் ஒரே இருட்டு. அவளுடைய போன் வழக்கம்போலச் செத்துப்போய் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. டார்ச்சுக்காகக் கணவரின் மடியில் இருந்த போனை, ஒயர் இழுபடாமல் மெதுவாகத் தூக்கினாள்.

போன் சில்லென்று இருந்தது. பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே கிடந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று விடாமல் அழுத்திப் பிடித்தாள். அப்போதுதான் அது உயிர் பெற்று விழித்தது, கிட்டத்தட்ட முழு சார்ஜோடு.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்கள் மூடித்தான் இருந்தன. கட்டைவிரல் மட்டும், அவள் பாட்டை விட்ட அதே இடத்தில் தூக்கியபடி நின்றிருந்தது.

அவள் போனைத் திரும்ப அணைத்து அவர் மடியில் வைத்தாள். மிஷினில் வேறு ஊசியைப் பூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து, இந்த முறை கொஞ்சம் உரக்கவே எடுத்தாள்.