மாமனாருக்குக் குளிருகிறது

“அதிகாரி காதுல விழுற மாதிரி இருமுங்க மாமா,” என்றாள் புருலாய். “எண்பது தாண்டின பெரியவர் இருக்கிற பழைய வீட்டுக்குத்தான் குளிர் தாங்க அரசு மானியமாம்.”

“இருமிட்டாப் போச்சு!” கிழவர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார். நாரின் நகரக் குளிர் வீட்டுக்குள்ளேயே பல்லைத் தந்தியடிக்க வைத்தது.

அதிகாரி வந்தார். சுவரைத் தொட்டவர் கையை உதறினார்.

“சுவருக்குப் பஞ்சு வச்சு மூடணும், அடுப்பையும் மாத்தணும். பெரியவர் யாரு?”

“எங்கப்பாதாங்க,” என்றான் புருலாயின் கணவன் சகின்பெக்.

கிழவர் வீடே அதிர இருமினார்.

“ஐயோ பாவம்!” என்று அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் சகின்பெக் ஒரு ஆட்டுத்தொடையைக் கிழவரிடம் நீட்டினான்.

“சந்தையில உங்களைப் பிடிச்சது என் அதிர்ஷ்டம் பெரியவரே. எங்கப்பா உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு நல்லா இருமினதில்ல!”

கிழவர் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஜன்னல் இடுக்கில் குளிர்காற்றோடு தெருவிலிருந்து அதிகாரியின் குரலும் உள்ளே வந்தது.

“அப்பா, தொடையை டிக்கியில மத்ததோட போடுங்க, வீட்டுல அம்மா சந்தோஷப்படுவாங்க. அடுத்த வீட்டுல நீங்க சித்தப்பா, மறந்துடாதீங்க!”