வழக்குள்ளவரின் மகள்

லாரிக்காரர் ஒருவரை அடித்ததாகக் குதிரைப் பந்தய ஜாக்கி பெலவேந்திரன் மீது போலீஸ் வழக்குப் பதிந்த அன்றே பந்தயக் குழு அவரை சஸ்பெண்ட் செய்தது. வழக்கு முடியும்வரை குடும்பத்தாரும் குதிரை ஏறக்கூடாது என்பது புது விதி. மகள் ரெஜினாவும் ஜாக்கிதான். அவளுடைய முதல் பெரிய பந்தயத்தன்று மணிக்கட்டில் இருந்த, பக்கத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுப் பதியும் மின்னணு உரிமப்பட்டை சிவந்தது. லாயத்துக் கதவு திறக்கவில்லை.

"நான் அவனைத் தொடவே இல்லம்மா," என்றார் பெலவேந்திரன்.

"எனக்குத் தெரியும்ப்பா. கதவுக்குத் தெரியலையே."

வழக்கு எப்போது முடியுமோ யாருக்கும் தெரியாது. அவர் கதவருகே போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவள் என் மகள் இல்லை. எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது."

பட்டை பச்சையாகி, கதவு திறந்தது. ரெஜினா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள்.

அன்று அவள் ஜெயித்தாள். வேலிக்கு வெளியே நின்ற அவரைக் கண்டதும் கோப்பையோடு ஓடிவந்து, "அப்பா!" என்றாள். பட்டை மஞ்சளாகி மினுங்கத் தொடங்கியது.

பெலவேந்திரன் பதறிப்போய்ப் பின்வாங்கினார். ஊரார் முன்னால் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாழ்த்துகள் மேடம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நன்றி சார்."