தண்டுகள் உள்ளேயா, வெளியேயா?

“அண்ணே, தலைமை இன்ஜினியரை இந்தப் பக்கம் பாத்தீங்களா?”

ஹார்ல்பி ரயில் கொட்டகையில் நின்றிருந்த இன்ஜினுக்கு அடியில் குனிந்து கேட்டான் கிளெமன்ட். கையில் சுருட்டிய வரைபடமும் பேனாவும். கீழே பள்ளத்தில், பலகை போட்டு யாரோ மல்லாந்து படுத்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டையும் பூட்ஸும்தான் தெரிந்தன.

“அவர்கிட்ட என்ன வேலை?” குரலில் தூக்கம் வழிந்தது.

“நாலு மணிக்குள்ள கையெழுத்து வாங்கணும். இல்லேன்னா புது இன்ஜின் இருபதும் பழைய மாதிரியே வந்துடும். நீராவி வால்வை ஆட்டுற தண்டெல்லாம் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒளிஞ்சிருக்கும். நான் வெளிப்பக்கம் வச்சு வரைஞ்சிருக்கேன். நின்ன இடத்துலேருந்தே எண்ணெய் விடலாம்.”

“உள்ளேயே இருக்கட்டுமே தம்பி. இங்கே பாரு, சக்கரத்து ஆரக்கால் வழியா வெயில் இறங்குது. எண்ணெய் சொட்டுற சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கு. ஒருத்தன் வந்து தொந்தரவு பண்ண மாட்டான், உன்னைத் தவிர.”

கிளெமன்டும் ஒரு கணம் சொக்கித்தான் போனான். அந்தக் குளிர் தேசத்தில் அபூர்வமான ஜூன் மாதத்து வெயில், கொட்டகைப் புகையோடு கலந்து பொன்னாக மிதந்தது. அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே முக்கால்!

“நீங்களும் அந்தக் கிழவர் மாதிரியே பேசறீங்களே! நான் சேர்ந்து ஒரு மாசமாச்சு, அவர் முதுகைத்தான் பாத்திருக்கேன். தண்டு வெளியே தெரிஞ்சா, சட்டை போடாத ஆள் மாதிரி அசிங்கமா இருக்குன்னு சொல்றாராம். உக்காந்து டீ குடிக்கிறவருக்கு, அடியில ஊர்ந்து போறவன் கஷ்டம் என்ன தெரியும்?”

“ஓகோ! அப்புறம்?”

“எங்க அண்ணன் இனோக் இப்படித்தான் எண்ணெய் விட உள்ளே போனான். ‘நகர்த்தாதே’ன்னு பலகை மாட்ட மறந்துட்டான். எவனோ இன்னொரு இன்ஜினைக் கொண்டுவந்து இடிச்சான். இடது கால் போச்சு அண்ணே. கல்யாணத்துக்கு ஒன்பதே நாள் இருந்தது.”

அடியில் பலகை கிரீச்சிட்டது. பிறகு கறுத்த கை ஒன்று சக்கரங்களுக்கு நடுவே நீண்டது.

“அந்தப் படத்தையும் பேனாவையும் குடு.”

“ஐயோ, அழுக்காயிடும்! நீங்க வாங்கி என்னண்ணே பண்ணப் போறீங்க?”

“குடுன்னா குடுப்பா.”

படம் எண்ணெய் விரல் ரேகைகளோடு திரும்பி வந்தது. மூலையில், ‘ஹொரேஸ் பில்லிங்டன், தலைமை இன்ஜினியர்’ என்று கையெழுத்து.

“வெளியேயே வச்சுக்கோ. ஆனா ஒண்ணு தம்பி, இனிமே எண்ணெய் விடற சாக்குல அந்தக் கிழவன் நிம்மதியா எங்கே போய்ப் படுப்பான்?”