கடைசி எட்டுப் பக்கங்கள்

“அந்தக் கணக்கப்பிள்ளைதான் கொலைகாரன். எழுதி வெச்சுக்கோங்க அக்கா!” என்றான் பிரவின்.

“போடா! டாக்டர்தான்” என்றாள் குமுதா.

பிரிக்பீல்ட்ஸ் தெருவில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பிழை திருத்தி இணையத்தில் இலவசமாகப் போடும் தன்னார்வக் குழு அவர்களுடையது. இப்போது கையில் இருப்பது பாட்டன் காலத்துத் துப்பறியும் நாவல். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கடைசி எட்டுப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் குழுவுக்கே தூக்கம் போச்சு!

முழுப் பிரதி ஒன்று நாகையாவின் புத்தகக் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. இருவரும் அங்கே போய் நின்றார்கள்.

“எட்டே எட்டுப் பக்கம் அங்கிள். இங்கேயே நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிறோம்.”

“எடுத்து?” என்றார் நாகையா.

“ஆன்லைன்ல ஃப்ரீயா போடுவோம். உலகமே படிக்கும்!” குழுவின் ஈமெயில் அச்சிட்ட அட்டையை மேசையில் வைத்தாள் குமுதா.

“எல்லாத்தையும் ஃப்ரீயா போட்டா என் கடைக்கு எவன் வருவான் லா? வாடகையை நீங்க கட்டுவீங்களா? போங்க, போங்க!”

நாகையா வாசலைக் காட்டினார். அந்தக் கோபத்திலும் ஆள்காட்டி விரலை நீட்டாமல், மலாய்க்காரர்கள் மரியாதைக்குக் காட்டுவதுபோல் கட்டை விரலால்தான் காட்டினார். பேத்தி ஒட்டிவிட்டதோ என்னவோ, அந்த விரலில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட பிளாஸ்டர் வேறு!

பிரவினுக்குச் சிரிப்பு வந்தது. குமுதாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

எல்.ஆர்.டி. ரயிலில் ஏறியதும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். ‘எட்டுப் பக்கம் காட்ட மனசில்லாத கஞ்சன். இனிமே நாகையா கடைக்கு நம்ம ஆளுங்க யாரும் போகக் கூடாது.’

சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிரவின் அழைத்தான்.

“அக்கா! குழு ஈமெயிலைப் பாருங்க! யாரோ எட்டுப் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க! பேரே இல்ல லா!”

குமுதா ஈமெயிலைத் திறந்தாள். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, நின்றபடியே படித்தாள்.

“டேய்! டாக்டரும் இல்ல, கணக்கப்பிள்ளையும் இல்ல. அந்தச் சமையற்காரம்மாடா!” சந்தோஷத்தில் கத்தியே விட்டாள்.

“கடைசிப் படத்தைப் பாத்தீங்களா அக்கா?” பிரவினின் குரல் இறங்கியிருந்தது.

பார்த்தாள்.

‘முற்றும்’ என்ற எழுத்துக்குக் கீழே, தாள் சுருண்டுவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தது, மஞ்சள் வாத்து ஒட்டிய ஒரு கட்டை விரல்.