நேசம்மா ஒத்துக்கொண்ட குறை

இது நான் நேரில் பார்த்ததில்லை. கிள்ளான் பாசாரில் பவுனம்மாள் சொல்ல, அதை என் அம்மா கேட்டு வந்து வீட்டில் சொன்னது. பவுனம்மாள் இப்போது இல்லை. அதனால்தான் எழுத முடிகிறது. பெயர்களை மாற்றிவிட்டேன்.

1986-ல் ஒரு சனிக்கிழமை காலை, சண்டை போடுவதற்கென்றே பவுனம்மாள் கிள்ளானில் பஸ் ஏறினாள்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த சம்பந்தி நேசம்மா முதல் நாள் போன் செய்திருந்தாள். மருமகள் சீதாலெட்சுமி பிறந்த விவரம் கொஞ்சம் கேட்க வேண்டும், ஒரு நடை வந்து போங்கள் என்று.

சீதாலெட்சுமிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. நேசம்மா வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ரயில்வேயில் மூன்று தலைமுறை உத்தியோகம். மகன் வாசு ஒரு லோரி டிரைவரின் மகளை விரும்பிக் கட்டியதே அவர்களுக்குப் பெரும்பாடு. இப்போது அவனுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள் என்று கோயிலில் பேச்சு வேறு.

"எம் பொண்ண திருப்பி அனுப்பக் காரணம் தேடுறாங்க," என்று பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடமே சொல்லிக்கொண்டு போனாள் பவுனம்மாள். அவளும், "விட்றாதீங்க அக்கா, நல்லா கேட்டுட்டு வாங்க," என்று தைரியம் சொல்லி இறக்கிவிட்டாளாம்.

நேசம்மா வாசலுக்கே வந்து "வாங்கோ, இருங்கோ," என்றாள். தேத்தண்ணியும் வடையும் வந்தன. பவுனம்மாள் தொடவில்லை. சீதாலெட்சுமி சமையலறை வாசலில் நின்றாள்.

நேசம்மா தயங்கித்தான் ஆரம்பித்தாள். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ஒன்று கேட்டு வரச் சொன்னாராம். சீதாலெட்சுமி வயிற்றில் இருந்தபோது அம்மா ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று.

பவுனம்மாளுக்கு அது போதும்.

"சாப்பிட்டேன். நல்லா கேட்டுக்குங்க."

முதல் மூன்றும் நான்காம் மாதம் தாண்டாமல் போனதைச் சொன்னாள். அப்போது கிள்ளானில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பங்களாவில் அவள் சமையல் வேலை. நான்காவது தரித்ததும் துரையே கூப்பிட்டு, சீமையிலிருந்து வந்த மாத்திரை, கரு கலையாது, தினமும் சாப்பிடு என்று கொடுத்தாராம். வெள்ளைக்காரன் மருந்து வேண்டாமென்று லயத்து வீடுகளில் எல்லோரும் தடுத்தும் அவள் கேட்கவில்லை. ஆறு மாசம், ஒரு நாள் தவறாமல்.

"வாந்தி எடுத்தா இன்னொன்னு எடுத்து முழுங்குவேன். அந்த மாத்திரைதான் இவள நிறுத்துச்சு. அப்படிப் பெத்த புள்ளையவா குறை சொல்ல வந்தீங்க?"

நேசம்மா மருமகளைப் பார்த்தாள். சீதாலெட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். தான் சண்டை போடுவதைப் பார்த்து மகள் பயப்படுகிறாள் என்றுதான் பவுனம்மாள் நினைத்தாள்.

நேசம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"உங்கட மகளில ஒரு குறையும் இல்லை," என்றாள். "குறை என்ர மகனில. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பவுனம்மாள் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தாள். வடையும் இரண்டு தின்றாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மீன்காரரிலிருந்து தையல்கடைக்காரி வரை சொல்லிவிட்டாள். "பெரிய குடும்பம், பெரிய குடும்பம்னாங்க. கோளாறு எங்க இருக்கு பாத்தியா லா?"

கிள்ளானில் ஓர் உறவுக்காரக் குழந்தையின் முப்பத்தொன்றாம் நாள் விருந்து. நிறைந்த பந்தியில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்கு முருங்கைக்காய் ரெண்டு கூடப் போடுங்க," என்றாள். பந்தியே சிரித்தது. வாசுவும் சிரித்தான்.

"இன்னும் ரெண்டு போடுங்கோ மாமி," என்று இலையைக் காட்டினான்.

சீதாலெட்சுமி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். தன் வீட்டைப் பற்றி ஒரு சொல் பொறுக்காத நேசம்மா, குனிந்த தலை நிமிராமல் ரசஞ்சோறு சாப்பிட்டாள்.

வேறு இடம் பார்க்கிற பேச்சும் அதோடு நின்றது. குறையுள்ளவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அம்மா சொன்ன கதை இவ்வளவுதான். கேட்டபோது நானும் பவுனம்மாளின் பக்கம்தான்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, நூலகத்தில் ஒரு மருத்துவ இதழில் அந்த மாதிரி மாத்திரையைப் பற்றிப் படித்தேன். ஸ்டில்பெஸ்ட்ரால். கரு கலையாமலிருக்க ஒரு காலத்தில் உலகம் முழுவதும் கொடுத்திருக்கிறார்கள். கலைவதை அது தடுக்கவில்லை. வயிற்றிலிருந்த பெண் குழந்தைகள் பலருக்குக் கருப்பையின் வடிவமே மாறிப்போய், வளர்ந்த பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்குவது கஷ்டமாகியிருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மனசு கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் சீதாலெட்சுமியிடமே கேட்டேன்.

"எங்கம்மா அந்த மாத்திரையச் சொன்னப்பவே எனக்கும் மாமிக்கும் தெரிஞ்சு போச்சு," என்றாள். "சாயந்திரம் அவர்கிட்டச் சொன்னோம். அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. நீயும் எங்கம்மா காதுல போட்றாத."

பிறகு அலமாரியைத் திறந்து வாசுவின் பரிசோதனைத் தாளை எடுத்துக் கொடுத்தாள். தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன். பவுனம்மாள் பஸ் ஏறியதற்கு ஒன்பது நாள் முந்தியது. வாசுவிடம் எந்தக் குறையும் இல்லை.