பொய் சொல்லாத சட்டை

எடை மெஷினிலிருந்து இறங்கிய நர்ஸ், அதைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

“போதும் சாமி! நேத்து முந்நூறு கிராம் இறங்குச்சு, இன்னைக்கு நானூறு ஏறிடுச்சு. நாளையிலிருந்து வாக்கிங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

தையல் மெஷினில் இருந்த டெய்லர் கணவன் நிமிர்ந்தான். “அது ஏறி இறங்கத்தான் செய்யும். ஆறு மாசமா ஆஸ்பத்திரில லிஃப்ட் பக்கமே போகாம நாலு மாடி ஏறறே, வீண் போயிடுமா?”

“எடை மெஷினை விடுங்க, என் யூனிபார்ம் பொய் சொல்லுமா? அன்னைக்கு எப்படிப் பிடிச்சுதோ, இன்னைக்கும் அப்படியேதான் பிடிக்குது!”

அவன் திருதிருவென்று விழித்தான்.

“அது... இஸ்திரி போடறப்போ மாசாமாசம் நான்தான் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சேன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன். தொளதொளன்னு போனா, டெய்லர் பொண்டாட்டின்னு எவன் நம்புவான்?”

அவள் கட்டிலில் கிடந்த யூனிபார்ம் சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். பழைய தையலுக்கு உள்ளே புதிதாக ஐந்து தையல்கள், வரிவரியாக ஓடின. விரல் வைத்து அளந்தாள். இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல்.

“இவ்வளவும் நானா?”

“இவ்வளவும் நீ விட்டது.”

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அவள் அசையவில்லை.

“பஸ் போனாப் போகட்டும். அந்த அஞ்சு தையலையும் பிரிங்க. இன்னைக்குத் தொளதொளன்னுதான் டியூட்டிக்குப் போகப்போறேன்!”