பச்சைத் திரை

இந்த ஆபரேஷனுக்குக் குதிரையைப் படுக்க வைப்பதில்லை. பாதி மயக்கத்தில் நின்ற அதன் தலையைத் தோளில் தாங்கியிருந்தான் லாயக்காரன் மஸ்தான். டாக்டர் வசுமதி அதன் விலாவுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, குழாயைச் செலுத்தி, கேமராவை உள்ளே விட்டார்.

திரை முழுக்கப் பச்சை.

"ஐயோ, குடலைக் குத்திட்டேன். உள்ளே இருக்கிறதெல்லாம் வயித்துக்குள்ள கொட்டுது." அவர் கை அப்படியே நின்றது. "பட்டினி போடச் சொன்னேனே மஸ்தான்? குடல் எப்படி இவ்வளவு உப்பியிருக்கு?"

மஸ்தான் குதிரையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

"ஒரு கைப்பிடி புல்லுதாம்மா குடுத்தேன்... திரும்பத் திரும்பக் கேட்டுச்சு."

வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. திரையில் பச்சை பரவிக்கொண்டே இருந்தது. கண் திறக்காமலே குதிரை உதட்டை நீட்டி, அவன் சட்டைப்பையைத் துழாவியது.